பத்து மாடிக்கும் கேட்கும் குரல்

மகளின் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வழக்கமாக முடிவை நான் எடுப்பேன். எடுத்தது அவர்தான் என்று அவரிடமே போய்ச் சொல்லிவிடுவேன். இந்த முறை என்னைக் கேட்காமல் தானாக வந்துவிட்டார். வரவேற்பு மேடையில், மைக்கைப் பிடித்து, தனியாக ஒரு பாட்டுப் பாடப் போகிறாராம்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்தக் கிணறு மாதிரி இடத்துக்குள் நின்று யார் தும்மினாலும் கச்சேரி மாதிரிதான் கேட்கும். முப்பது வருஷமாக அதற்குள் நின்று முனகி முனகி, தனக்கு அபாரமான குரல் என்று நம்பிவிட்டார். ஒரு கட்டடத்துக் காவல்காரர், "சார், நீங்க பாடினா பத்து மாடிக்கும் கேக்குது" என்று சொல்லியிருக்கிறார். அது புகார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சிரித்த முகமாகவே இருந்தார்.

லிஃப்ட் இல்லாத இடத்தில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே தலை திருப்புவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"அம்மா, அவங்க வீட்டுல எல்லாரும் சங்கீதம் படிச்சவங்க. மாமனார் வயலின் வாசிக்கிறவர். அப்பா பாடினா நான் மேடைல இருந்து இறங்கி பஸ் ஏறிடுவேன்."

"அவ்வளவு பெரிய உடுப்போட எப்படிடி பஸ் ஏறுவ? நீயே அப்பாகிட்ட சொல்லேன்."

"நான் எப்படிம்மா சொல்றது? அவர் முகம் வாடிப் போயிடும்."

அதுதான் எனக்கும் கஷ்டம். அந்த முகம் வாடினால் ஒரு வாரத்துக்கு நிமிராது. கல்யாண வீட்டில் அப்படி ஒரு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். ஆண்டவரே, என் மகள் அழக் கூடாது. அவர் முகம் வாடக் கூடாது. நான் பொய்யும் சொல்லக் கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன சந்து இருந்தால் காட்டும். ஆண்டவர் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை.

அதற்குள் இவர் போனில் ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்துவிட்டார். இருபத்தொரு நாளில் மேடைப் பாடகர் ஆகலாமாம். அதில் ஒரு டீச்சர் தேன் மாதிரிப் பேசுகிறார். தினம் காலையில் அவர் என்ன சொன்னாலும் இவர் செய்தார். நான் முப்பது வருஷமாகச் சொல்கிற குழாய் வாஷரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

முதல் வாரம் குரல் வளம். உதட்டைச் சேர்த்து 'ப்ர்ர்ர்' என்று ஊத வேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி கிளம்பும்படி முனக வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கனமான புத்தகம் வைத்து, அது ஏறி இறங்க மூச்சு விட வேண்டும். எங்கள் வீட்டில் கனமான புத்தகம் கிடையாது. ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொண்டார். பெட்டி லிஃப்ட் மாதிரி ஏறியது, இறங்கியது, நடுவில் ஒரு முறை நின்றும் போனது. தொழில் பக்தி.

கீழ் வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, "அக்கா, தண்ணி மோட்டார்ல காத்து அடைச்சிருக்கா?" என்று கேட்டார்.

"மோட்டார் இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரர்."

உள்ளே எட்டிப் பார்த்தவர், துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர் மாதிரி மெதுவாகப் படி இறங்கினார்.

இரண்டாம் வாரம் கற்பனை வளம். கண்ணில் படுகிற எழுத்துக்கெல்லாம் சொந்தமாக மெட்டுப் போட வேண்டும். இவர் இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்தார். "நன்றாகக் குலுக்கவும்" என்பதை வீரமாகப் பாடினார். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற இடத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. மகன் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தான். அவன் மேலதிகாரி அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பாராட்டினாராம்.

மூன்றாம் வாரம் மேடைத் தைரியம். உங்கள் குரலைப் பதிவு செய்து நீங்களே கேளுங்கள், அதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது என்றார் டீச்சர். அப்பாடா, ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இவர் பாடினார், பதிவு செய்தார், கேட்டார். முகம் மாறியது. இன்னொரு முறை கேட்டார்.

"இங்க பாரு, இந்தப் போன்ல மைக் போயிடுச்சு" என்றார்.

ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மைக் பிரமாதமாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தக் கடைக்காரருக்குத் தொழில் தெரியாது என்று வீட்டுக்கு வந்து எங்களுக்கு விளக்கினார்.

அடுத்து, ஒரே ஒரு ஆள் முன்னால் பாடிப் பழக வேண்டும். கல்யாணச் சட்டைக்கு அளவு பார்க்க வந்த தையல்காரர் மாட்டிக்கொண்டார். வாய் நிறைய குண்டூசி கவ்வியிருந்தார். எப்படியிருந்தது என்று கேட்டதற்குத் தலையை மட்டும் எல்லாப் பக்கமும் ஆட்டினார். இவர் அதை ரசனையில் சேர்த்துக்கொண்டார்.

நான்கு நாள்தான் பாக்கி. மகள் பஸ் நேரத்தைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே மறுபடியும் வேண்டினேன். கூடத்தில் பதினெட்டாம் நாள் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு நாளாக அந்த டீச்சர் குரலைக் கேட்கிறேன். ஊது என்கிறார், படு என்கிறார், பாடு என்கிறார். அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை. ஆனால் வீடே அவர் சொன்னபடி ஆடுகிறது.

கையைத் துடைத்தேன். மகனிடமும், உதவிக்கு வந்திருந்த என் தங்கையிடமும் பத்து நிமிஷம் பேசினேன். பிறகு கூடத்துக்குப் போனேன்.

"என்னங்க, நானும் பையனும் தங்கச்சியும் வரவேற்புல ஒரு பிரார்த்தனைப் பாட்டுப் பாடலாம்னு இருக்கோம். ஆனா ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறோம். நடத்துறதுக்கு ஆள் இல்ல."

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறவர்கள்தான்.

"நடத்துறதுன்னா? நம்ம டீச்சர் மாதிரியா?"

"அதுக்கும் மேலங்க. டீச்சரைப் போன்ல பாக்குறாங்க. உங்களை முன்னூறு பேர் நேர்ல பாப்பாங்க."

"அப்ப நான் தனியா பாடறது?"

"பாடுங்க, யார் வேணாம்னா? பாடினா பாட்டுக்காரர்னு சொல்லுவாங்க. நடத்தினா மாஸ்டர்னு சொல்லுவாங்க."

"மாஸ்டர்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நடத்திக்கிட்டே கூடச் சேர்ந்து பாடலாம்ல?"

"டீச்சர் பாடி நீங்க கேட்டிருக்கீங்களா?"

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல் பாடம் வரைக்கும் போய்ப் பார்த்தார். "ஆமால்ல" என்றார், ஏதோ பெரிய ரகசியம் பிடிபட்ட மாதிரி.

அந்த நாலு நாளும் நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. ஸ்பானர் பெட்டி என் வயிற்றுக்கு வந்தது. மகனும் தங்கையும் ஆளுக்கொரு டம்ளரில் குமிழி விட்டார்கள். "அக்கா, உன் மகளுக்குத்தானே கல்யாணம், எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்று தங்கை ஸ்ட்ராவுக்குள்ளேயே கேட்டாள். ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் எங்கள் குரல் நடுங்குவது நின்றுவிட்டது.

வரவேற்பு அன்று மேடையில் முன்னூறு பேருக்கு முதுகைக் காட்டி நின்றார். லிஃப்டை மேலே எடு, கீழே இறக்கு என்று கூட்டாளிக்குக் காட்டுகிற அதே சைகைதான். கை ஏறினால் நாங்கள் ஏறினோம். கை இறங்கினால் இறங்கினோம். நாங்களே நம்ப முடியாதபடி நன்றாக வந்தது. அதுவே வினையாகிவிட்டது. இரண்டாவது சரணத்தில் இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். வாய் திறந்தது. மேடை ஓரத்தில் மகள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

ஆண்டவரே மன்னியும் என்று சொல்லிக்கொண்டு, நான் வேண்டுமென்றே பாட்டில் ஒரு வரி முன்னால் ஓடினேன். மாஸ்டர் பதறிப்போய், திறந்த வாயைப் பட்டென்று மூடி, இரண்டு கையாலும் சைகை காட்டி என்னை நிறுத்தினார். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறக்க நேரமே கிடைக்கவில்லை.

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வயலின் வாசிக்கிற சம்பந்தியே மேடை ஏறி வந்து இவர் கையைப் பிடித்து, "மாஸ்டர், என்ன கட்டுப்பாடு" என்றார். மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நாங்கள் கடைசிப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இவர் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இருபத்தொரு நாள் பயிற்சி எடுத்தவன் நான். இன்னிக்கு மேடைல என் வாயிலேருந்து ஒரு சத்தம்கூட வரலையே?"

"வரலைங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு."