யப்பான் அக்கா சொன்ன கெய்க்கோ கதை

ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு தொழிற்சாலையையே நிறுத்திய பெண்மணி உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் யப்பான் அக்கா; ஜப்பானை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் படித்துக்கொண்டே, ஓட்டல் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் பகுதிநேர வேலைக்குப் போனேன். மதுரையில் என் கைக்குட்டையைக்கூட நான் துவைத்ததில்லை என்பதை அங்கே மூச்சுவிடவில்லை. மடிக்கும் மேசையில் என்னோடு நின்றவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஆள் குள்ளமாகவும் குரல் ஆறடியாகவும் இருந்தவர், யாழ்ப்பாணத்து யப்பான் அக்கா.

அவர் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த ஜப்பானியப் பெண் நாடு திரும்பும்போது ஒரு பெட்டி டிவிடிகளைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அதில் இருந்தது ஓர் அலுவலகத் தொடர். நாயகி பெயர் கெய்க்கோ. அக்கா வீட்டில் ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எங்களுக்குச் சொல்வார். சொல்வார் என்பது தவறு, நடத்துவார். படுக்கை விரிப்பைத் தோளில் போட்டால் மேலாளர். தலையணை உறையைக் கையில் மாட்டினால் அது கெய்க்கோவின் கைப்பை.

"எல்லாரும் தலை குனிஞ்சு வேலை செய்யினம். மனேச்சர் வந்து, 'கெய்க்கோ, இதையும் முடிச்சிட்டுப் போம்' எண்டுறான். அவள் பையைத் தோளிலை கொழுவினாள். ஒரு பார்வை பாத்தாள் பிள்ளையள், ஒரு பார்வை! 'இது என்ரை வேலை இல்லை' எண்டாள்!"

நாங்கள் கைதட்டுவோம். துருக்கிப் பெண்கள் இரண்டு பேர் அரை நிமிடம் தாமதமாகத் தட்டுவார்கள். அவர்களுக்கு ரீத்தா அக்கா ஜெர்மனில் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். ரீத்தா அக்கா மன்னார்க்காரர், பயந்த சுபாவம். ஆலையில் தீப்பிடித்தால்கூட ஷெஃப்பிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் ஓடுவார். ஷெஃப் என்றால் சமையல்காரர் அல்ல. ஜெர்மனியில் முதலாளிக்கு அதுதான் பெயர்.

ஒருநாள் அக்கா கதையை ஆபத்தான இடத்தில் நிறுத்தினார். இயக்குநர்கள் கெய்க்கோவைத் தனியாக உள்ளே கூப்பிடுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. "மிச்சம் நாளைக்கு."

மறுநாள் காலை ஷெஃப் வந்து அறிவித்தார். இனி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடப் போகக் கூடாது, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும், இஸ்திரி இயந்திரம் நிற்கக் கூடாது.

தனித்தனியாகச் சாப்பிட்டால் கதை ஏது? வழக்கமாக "யா, யா" என்று முதலில் தலையாட்டும் ரீத்தா அக்காவைப் பார்த்தேன். அவர் துண்டைக் கீழே வைத்தார். மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஷெஃப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"நைன், முடியாது. இது என் வேலை இல்லை" என்றார் ஜெர்மனில்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஷெஃப்புக்கும்தான். சாப்பாட்டு இடைவேளைக்கும் இந்த வசனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. துருக்கிப் பெண்களில் ஒருத்தி போய் இயந்திரத்தை அணைத்தாள். அந்த ஆலையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதேயில்லை.

ஷெஃப், இருப்பவர்களிலேயே மூத்தவரான யப்பான் அக்காவைத் தேடினார். அக்கா அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

"அக்கா, எழும்புங்கோ. எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம்" என்றார் ரீத்தா அக்கா.

எழுந்தார். முகம் நாங்கள் வெளுத்த விரிப்பைவிட வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்:

"ஷெஃப், கெய்க்கோ உள்ளே தனியாகப் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள்."

"என்ன! எந்த ஷிஃப்ட் கெய்க்கோ?" என்று அலறியவர், யாரோ மாட்டிக்கொண்டாள் என்று கொதிகலன் அறைக்கே ஓடிவிட்டார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரிடம் ரீத்தா அக்கா முழுக்கதையையும் விளக்கினார். வெளியே ஓட்டல் லாரிகள் ஹாரன் அடித்தன. "பழையபடியே சாப்பிடுங்கள். முதலில் இயந்திரத்தைப் போடுங்கள்" என்றார் ஷெஃப்.

அந்த வீரத்தில் மயங்கி, கல்லூரியில் என்னோடு படித்த ஒரு ஜப்பானியனிடம் சொல்லி, அதே தொடரை ஆங்கில வசன எழுத்தோடு வாங்கிப் பார்த்தேன். முதல் பாகம். மேலாளர் வருகிறார். கெய்க்கோ பையைத் தோளில் மாட்டுகிறாள். அந்தப் பார்வை! எனக்குப் புல்லரித்தது. கீழே எழுத்து ஓடியது: "போட்டோகாப்பி மிஷினில் பேப்பர் இல்லை."

நிறுத்தித் திரும்பப் போட்டேன். அப்போதும் பேப்பர் இல்லை. இயக்குநர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் கேட்டது, ஆண்டு விழாவுக்கு என்ன கேக் வாங்கலாம் என்று. விடிய விடியக் கடைசி டிவிடிவரை பார்த்து முடித்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்காவைத் தனியே மடக்கினேன். "அக்கா, உங்களுக்கு ஜாப்பனீஸ் தெரியுமா?"

"ஒரு சொல்லும் தெரியாது" என்றார், வெட்கமே இல்லாமல்.

"நான் சப்டைட்டிலோட பார்த்தேங்க்கா. அவ பேப்பர் தீர்ந்துடுச்சுன்னுதான் சொல்றா!"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவளின்ரை முகத்தைப் பாத்தனீரோ? அந்த முகத்தோடை ஒருத்தி பேப்பர் முடிஞ்சுது எண்டு சொல்லுவாளோ? உந்த எழுத்துப் போட்டவன் விசரன்."

அவர் தலையணை உறைகளை அடுக்கினார். பிறகு குரலை மிகவும் தணித்துக் கேட்டார். "கடைசி டிவிடித் தட்டை நான் இன்னும் போடேல்லை, பிள்ளை. பயமாக் கிடக்கு. அவளுக்கு என்ன நடக்குது?"

"மேலாளரையே கல்யாணம் பண்ணிக்கிட்டு வேலையை விட்டுடறா."

"ஐயோ!" என்று நெஞ்சில் கைவைத்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சொந்தத் தங்கைக்குக் கெட்ட செய்தி வந்ததுபோல் இருந்தது அந்த முகம். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இல்லை. அது நடக்காது. நான் விடமாட்டன்."

மறுநாள் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ரயிலேறிப் போய், அக்கா அந்தக் கல்யாணத்தை எப்படி நிறுத்தினார் என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.