ஒன்பது தடவை படியிறங்கினேன்

முந்தாநாள் ராத்திரி விளக்கை இறக்கிய பிறகு விறகு அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிழிந்த ஹார்மோனியத்தின் மேல் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது போல.

நான் என்ன செய்தேன்? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு செண்பகத்தக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். பிசாசு, திருடன், குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சிறுத்தை என்று மூன்று பேரும் மனசுக்குள் முந்திக்கொண்டு வந்தார்கள்.

செண்பகத்தக்கா எதிர்வீட்டுக்காரி. புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கிறாள். என் வீட்டுக்காரர் ரெவின்யூ இலாகாவில் வேலை. வாரத்தில் நாலு ராத்திரி வெளியூர் காம்ப். அந்த ராத்திரிகளில் அக்கா துணைக்கு வந்து படுத்தால்தான் எனக்குத் தூக்கம். இருபத்திரண்டு வயசு, கான்வென்டில் பத்து வருஷப் படிப்பு, ஒரு பிள்ளைக்குத் தாய். பல்லி கத்தினால் கட்டில்மேல் ஏறுகிறேன்.

அக்கா விளக்கோடு போய்க் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது. அவள் கையில் தொங்கிக்கொண்டு வந்தது ஒரு நாய்க்குட்டி. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு காம்புக்குப் போயிருந்தார். அதை விறகு அறையில் படுக்கப் போட்டதே நான்தான்!

சீசனுக்கு வந்த துரை ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்ததாம். பேர் டைகர். எனக்குக் காவலாம்.

"ஏட்டி கோமு, இது ஒனக்குக் காவலா, நீ இதுக்குக் காவலா?" என்றாள் அக்கா.

டைகருக்கு ஒரே ஒரு குறை. தனியாக விட்டால் அழும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு முதல் பயணம். குட்டியைப் பூட்டிவைத்துவிட்டுப் போனால் அதன் அழுகை எங்கள் வண்டியோடு மேலகரம் வரை வரும்.

ஆகவே இன்று காலை எனக்கு இருந்த வேலை, நாய்க்குட்டியைத் தனியாக இருக்கப் பழக்குவது.

வழி எனக்குத் தெரியும். ஏழு வயசில் என்னை போர்டிங்கில் விட்டபோது நான் அப்பா வேட்டியை விடவில்லை. சிஸ்டர் ஒரு யுக்தி செய்தார். அப்பாவை வராந்தா வரை போய்த் திரும்பச் சொன்னார். பிறகு கேட் வரை. பிறகு ரோடு வரை. மூன்று தடவையும் அப்பா திரும்பி வந்தார். நாலாவது தடவை வந்தது கோடை லீவுக்கு.

நானும் அப்படியே ஆரம்பித்தேன். இடுப்பில் பிள்ளை, கையில் குடை, கூடை. துரை வீட்டுக் குட்டியாயிற்றே, அதனால் இங்கிலீஷில் "ஸ்டே!" என்று கட்டளை. கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கி நின்றேன். கடிகாரம் வீட்டுக்காரர் சட்டைப்பையில் காம்ப் போயிருந்தது. ஆகவே கான்வென்ட் கணக்கு: முதல் தடவைக்கு ஒரு மாதா ஜெபம், அடுத்த தடவைக்கு இரண்டு. நெற்றியில் விபூதியோடு தெருவில் நின்று ஜெபம் முணுமுணுத்தேன்.

உள்ளே வருவேன். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குட்டி பக்கத்தில் உட்காருவேன். "குட் பாய்" சொல்வேன். தொண்டை வறண்டிருக்கும், செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். மறுபடி குடை.

முதல் தடவை குட்டி கதவைப் பிறாண்டியது. நாலாவது தடவை முனகியது. ஒன்பதாவது தடவை சத்தமே இல்லை. அது தூங்கிப்போயிருந்தது. அதையும் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்கா எதிரே தன் வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஜெபத்துக்கு நடுவில் பேச முடியாது, ஒரு தடவை சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒன்பதாவது தடவை முடிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெயில் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பால் வரவில்லை. விளக்கு வைத்தாயிற்று, அக்காவும் வரவில்லை. இருட்டிக்கொண்டே வந்தது. குடையைக்கூட எடுக்காமல் பிள்ளையோடு ஓடிப்போய் அவள் கதவைத் தட்டினேன்.

பாதிக் கதவைத் திறந்தாள்.

"வா தாயி. திரும்பிப் போயித் தண்ணி குடிக்கலையா?"

எனக்கு விளங்கவில்லை.

"காலைல ஒம்போது தரம் குடையோட எறங்குன. ஒம்போது தரமும் எதுக்க நானு. வாயிக்குள்ள மந்திரத்த முணங்கிக்கிட்டு உள்ள போயி, ஒக்காந்து, தண்ணி குடிச்சிட்டு மறுபடி எறங்குத. என் நாத்தனாகூட ஒரு தரந்தான் திரும்புவா, கோமு."

தாலியறுத்தவள் எதிரே வந்தால் திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ராத்திரித் துணைக்கு வேண்டிய முகம் காலையில் ஆகாது என்று தெருவுக்கே ஒன்பது தடவை தண்டோரா போட்டிருக்கிறேன்.

நாய்க்காகத்தான் என்றேன். சிஸ்டர், அப்பா, வேட்டி, ஜெபம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

"நாய்க்கா சகுனம் பாத்த?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து டைகர் விழித்துக்கொண்டது. காலையில் கற்ற பாடம் அத்தனையும் மறந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி ஊளை.

அக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். என்னை என் வீட்டுக்குள் போகச் சொன்னாள். போனேன், ஊளை நின்றது. வெளியே வரச் சொன்னாள். வந்தேன், ஊளை. மறுபடி போகச் சொன்னாள். நாலு வாசலில் தலை தெரிந்தது. மூன்றாம் தடவை வெளியே வந்தபோது நானும் அழுதுகொண்டிருந்தேன்.

"நாயி ஊளையிடுது, சரி. நீ எதுக்குட்டி அழுத?"

"நீங்க வராட்டா எனக்குப் பயமா இருக்கும்க்கா."

அக்கா உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். திரும்பி உள்ளே போனாள். உட்கார்ந்தாள். செம்பைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவசரமே இல்லாமல் குடித்தாள்.

பிறகு தெருவைக் கடந்து வந்து, என்னையும் பிள்ளையையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"இன்னும் எட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.