குணமானவர்களைக் கண்டுபிடிக்கும் திட்டம்

போதையிலிருந்து ஒருவர் மீள வேண்டுமானால் முதலில் அவர் காணாமல் போக வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க மலைகளில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பழைய செல்போன் நம்பரை மாற்ற வேண்டும், பழைய கூட்டாளிகளைக் கைகழுவ வேண்டும், முடிந்தால் மலையிறங்கி வேறு ஊருக்கே போய்விட வேண்டும். ஸ்டோன் ஃபோர்க் மறுவாழ்வு நிலையத்தின் ஆலோசகர் டிரீமா பல வருஷமாக எல்லோருக்கும் இதைத்தான் ஓதிக்கொண்டிருந்தாள். கேட்டு நடந்தவர்கள் பிழைத்தார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நிலையத்துக்கு ஒருநாள் மத்திய அரசின் மானியம் கிடைத்தது.

மானியத்தோடு கூடவே ஒரு விதியும் வந்தது. சிகிச்சைக்கு வந்த ஒவ்வொருவரையும் ஆறு மாதம் கழித்துத் தேடிப் பிடித்து, சேரும்போது கேட்ட கேள்விகளையே மறுபடியும் கேட்க வேண்டும். நூற்றுக்கு எண்பது பேராவது அகப்பட வேண்டும். அகப்படாவிட்டால் மானியம் நின்றுவிடும், படுக்கைகளை மடித்து வைக்க வேண்டியதுதான். அகப்பட்டவர் போதை மருந்தை விட்டாரா, அது அவரை விட்டதா என்பதெல்லாம் மேலிடத்துக்கு இரண்டாம் பட்சம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், திருந்தாதவர்கள் எல்லோரும் போட்டது போட்டபடி இருந்தார்கள். பாலத்தடியில் சிலர், ஜெயிலில் பலர். குணமானவர்களைத்தான் வலைபோட்டுத் தேடியும் காணோம்.

நிலையத்தின் இயக்குநர் ப்ரூயிட், நிலக்கரிக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, ஒரு விபத்தைக்கூடக் கணக்கில் ஏற்றாமல் ஓய்வு பெற்ற பெருமகனார். அவருக்கு இந்த நன்றிகெட்டதனம் பொறுக்கவில்லை.

"என்னம்மா டிரீமா, ஜெயில்ல இருக்கறவங்களாலதான் நம்ம மானம் நிக்குது. குணமானவங்களுக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாமா?"

"காணாமப் போனதாலதான் சார் அவங்க குணமானாங்க. நான்தான் போகச் சொன்னேன்."

"காணாமப் போனவன் குணமாயிட்டான்னு யாருக்குத் தெரியும்? கணக்குப்படி அவன் தோல்வி. இனிமே அந்த உபதேசமெல்லாம் வேணாம்."

அதுமுதல் நிலையத்தில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. ஜெயில் குமாஸ்தா போன் செய்து, "உங்க ஆளு ஒருத்தரை நேத்துப் பிடிச்சோம்" என்று சொன்னால் ஆபீஸே கைதட்டும். ப்ரூயிட் ஓடிப்போய் டோனட் பெட்டி வாங்கி வருவார். டிரீமாவும் ஒன்று எடுத்துத் தின்பாள். தின்ற பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

கடைசியில் எண்பதை எட்ட ஒரே ஒரு ஆள் குறைந்தது. கேலின் டாக்கெட்டைத்தான் தேடினார்கள். போதை மருந்தை விட்டு, கோர்ட்டில் போராடித் தன் மகனைத் திரும்ப வாங்கியவள் அவள். டிரீமாவே அவளையும் பையனையும் பஸ் ஏற்றிவிட்டு, "எங்க போறேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத கண்ணு" என்று அனுப்பியிருந்தாள். அவள் கிடைக்கவில்லை என்று கேட்கும்போதெல்லாம் டிரீமாவுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

மானியத்தை மேற்பார்க்கும் வின்ஸ்லோ அம்மணி வாஷிங்டனிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் தோன்றி அருள்வாக்குச் சொன்னாள். "பயனாளிகளோடு நீண்ட காலத் தொடர்புள்ள உள்ளூர்ப் பிரமுகர்களைப் பங்காளிகளாக இணைத்துக்கொள்ளுங்கள்."

ப்ரூயிட் யோசித்தார். பயனாளிகள் அத்தனை பேரோடும் நீண்ட காலத் தொடர்புள்ள பிரமுகர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் போதை மாத்திரை விற்கும் ஸ்கீட்டர்.

நேர்காணலுக்கு ஸ்கீட்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

"ஆறு மாசம் கழிச்சும் ஆளுங்களைக் கண்டுபிடிப்பீங்களா?"

"ஆறு மாசமா? நான் யாரையும் ஒரு வாரம்கூட விட்டதில்ல சார்."

டிரீமா குறுக்கே பாய்ந்தாள். "சார், இங்க யார் சிகிச்சைக்கு வந்தாங்கன்னு வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது. சட்டம் இருக்கு."

"நாம எங்கம்மா சொல்றோம்? எல்லாரையும் நமக்கு அனுப்பி வச்சதே அவர்தானே!"

"ஆட்டுக்கு ஓநாயைக் காவல் வைக்கிறீங்க."

"காணாமப் போன ஆடு எங்க இருக்குன்னு ஓநாய்க்குத்தான்மா தெரியும்."

வேலையை வீசியெறிந்துவிட்டுப் போகத்தான் டிரீமா எழுந்தாள். வெளியே கூடத்தில், படுக்கை கேட்டு நடுங்கிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மானியம் போனால் இவர்கள் எங்கே போவார்கள்? அவள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கீட்டர் சமூகத் தொடர்பு ஒருங்கிணைப்பாளரானான். கழுத்தில் அட்டை தொங்கியது. முன்னுதாரணமான கூட்டு முயற்சி என்று வின்ஸ்லோ அம்மணி பாராட்டுக் கடிதமே அனுப்பினாள். அவன் ஒஹையோவில் ஒரு ரொட்டிப் பேக்டரி வாசலில் கேலினைக் கண்டுபிடித்தான். கேள்விக்கு வந்தால் தருவதாக நிலையம் சொன்ன அன்பளிப்புக் கூப்பனை முன்கூட்டியே கொடுத்தான். பழைய பழக்கத்துக்காகத் தன் கையிருப்பு மாத்திரையிலிருந்தும் கொஞ்சம் கொடுத்தான். இரண்டாவது விஷயத்துக்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

சில வாரம் கழித்துக் கேலினே வந்து நின்றாள். மேலே ரொட்டிப் பேக்டரிச் சட்டை, கை கால் எல்லாம் உதறல்.

"பையன் எங்கடி?" என்றாள் டிரீமா.

"கோர்ட்டு எடுத்துக்கிச்சுக்கா. ஒரு படுக்கை கொடுங்க. நிக்க முடியல."

டிரீமா அவளைத் தாங்கிப் பிடித்தாள். அதற்குள் ப்ரூயிட் காகிதங்களோடு ஓடி வந்தார். "இரும்மா, முதல்ல ஆறு மாசக் கேள்விய முடிச்சிடு. அப்புறம் புதுசாச் சேர்றதுக்கான கேள்வி. ஒரே ஆளு, ரெண்டு சாதனை!"

கேள்விகளைப் படித்தால்தான் படுக்கை. டிரீமா படித்தாள். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"உங்கள் நலனில் அக்கறை காட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

"இருக்காங்க. ஸ்டேட் தாண்டி ஆளனுப்பித் தேடினாங்களே, நல்லா எழுதிக்குங்க."

எழுதியதை ப்ரூயிட் வாங்கிக்கொண்டு போனார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது; எண்பது எட்டிவிட்டது, டோனட் பெட்டியும் திறந்துவிட்டது. அடுத்த காகிதத்தின் முதல் வரியை டிரீமா பார்த்தாள். கேலின் அதை அவளுக்கு முன்பே தலைகீழாகப் படித்துவிட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு எங்க இருப்பேன்னு கேக்குதாக்கா?"

"ஆமா கண்ணு."

"ஜெயில்னு போட்டுக்குங்க. தேடுற சிரமம் உங்களுக்கு வேணாம்."