உட்காருவதால் வரும் நோய்கள்

மனிதகுலத்தின் முதுகுவலி, கழுத்துவலி, தோள்பட்டை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் மூலகாரணம் உட்காருவதே என்ற பேருண்மையை உலகுக்கு அறிவித்தவர் எங்கள் துணிக்கடையின் மேலாளர். மருத்துவர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்வார்கள். எங்கள் மேலாளரோ உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஏசி அறையில், சுழல் நாற்காலியில், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மூன்று வலிகளையும் சொந்த உடம்பில் வாங்கிக்கொண்டவர் அவர்.

"எனக்கு வந்தது போதும். நம்ம கடைப் பொண்ணுங்களுக்கு இந்தக் கதி வரவே கூடாது" என்று கண்கலங்கினார்.

அன்றே விற்பனைத் தளத்திலிருந்த நாற்காலிகள் எல்லாம் அகற்றப்பட்டன, ஒன்றைத் தவிர. அது என்னுடையது. தள மேற்பார்வையாளன் என்ற முறையில் நோயில் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ள நானும் முன்வந்தேன்.

காலையில் ஷட்டர் ஏறுவதிலிருந்து இரவு இறங்கும்வரை பெண்கள் நின்றார்கள். கூட்டமில்லாத வேளையிலும் சுவரில் சாயக் கூடாது. சாய்வது 'உட்காருவதன் ஆரம்பக் கட்டம்' என்று மேலாளர் வகுத்திருந்தார். குதிகால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு, நரம்புச் சுருட்டு என்று சில புகார்கள் வந்தன. அவை நிற்பதால் வரும் நோய்கள். எங்கள் ஆராய்ச்சியின் எல்லைக்குள் அவை வரவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திரைச்சீலைப் பிரிவு அக்கா ஏணியிலிருந்து இறங்கினார். கையில் சுருட்டிய துணி. வலது முழங்கால் 'கடக்'கென்று சத்தம் போட்டது. ஏணிதான் உடைகிறது என்று நினைத்து வாங்க வந்தவர் ஒதுங்கிக்கொண்டார். மறுநாள் அக்கா எக்ஸ்ரே படத்தோடு வந்தார்.

"மூட்டுத் தேய்மானமாம் சார். அப்பப்ப உக்காரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்."

'தேய்மானம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கணக்காளர் தலையைத் தூக்கினார். "ஏசிக்குத் தேய்மானம் எழுதறோம், லிஃப்டுக்கு எழுதறோம். முழங்கால் கடைச் சொத்துல வராதேம்மா."

"வீட்ல இருக்கிறப்ப என்னுது. இங்க நிக்கிறப்ப யாருது சார்?"

அதற்குத் தனித் தலைப்பு இல்லை என்று கணக்காளர் மறுபடியும் குனிந்துகொண்டார்.

இந்நிலையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏதோ சட்டம் போட்டுவிட்டார்களாம். ஊழியர்களை நிற்கவைத்து மேலாளர் அதை வாசித்தார்: "'விற்பனைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முக்காலி வழங்கப்படுகிறது. நிற்க.'"

அங்கே நிறுத்தி, எல்லாரையும் அர்த்தத்தோடு பார்த்தார்.

"சார், அது லெட்டர்ல சும்மா போடறது. 'அது இருக்கட்டும்'னு அர்த்தம். அடுத்த வரியப் படிங்க" என்றார் அக்கா.

"அடுத்த வரி கழிப்பறைச் சோப்பைப் பத்தி. இந்த வரிதான் உங்களைப் பத்தி. முக்காலி குடுக்கச் சொல்லிருக்கு, குடுக்கறேன். நிக்கச் சொல்லிருக்கு, நில்லுங்க. மேலிடத்து வார்த்தையில ஒரு எழுத்தக்கூட நான் தாண்ட மாட்டேன்."

உத்தரவு அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. பிரிவுக்குப் பிரிவு முக்காலி நின்றது. பக்கத்தில் பெண் நின்றார். போட்டோ எடுத்து அனுப்பினோம். பாராட்டு வந்தது.

அடுத்த வாரம் அக்கா உட்கார்ந்தேவிட்டார்.

கேமராத் திரையில் அந்தக் கோரக் காட்சியைக் கண்ட மேலாளர் துடித்து எழப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே அக்காவை அழைத்துவரச் சொன்னார்.

"என்னம்மா இது? உங்க முதுகுக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்?"

"முட்டி போயிடுச்சே சார்."

"இங்க நிக்கிறவங்களுக்குத்தான் இடம். கடைசியாக் கேக்கறேன். உக்காருவீங்களா, நிப்பீங்களா?"

அக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் மேலாளர் கேட்டார்.

"நின்னுக்கறேன் சார்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கறாங்க!" என்று என் பக்கம் திரும்பினார். பிறகு அக்காவிடம், "சந்தோஷம்மா. அப்பப் போய் நில்லுங்க."

"இல்ல சார். வேலையவிட்டு நின்னுக்கறேன். இந்த முட்டி எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேணும்."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவர் இறங்கிப்போனார். மேலாளர் மனம் தளரவில்லை. உடனே விளம்பரம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்: 'விற்பனைப் பெண் தேவை. படிப்பு, அனுபவம் அவசியமில்லை. முழங்கால்கள் நல்ல நிலையில் இருக்கவேண்டும்.'

அவருடைய பெருந்தன்மையை என்னவென்று சொல்வது! மற்ற கடைகளில் முழு ஆளையே கேட்பார்கள். இவருக்கு இரண்டு முழங்கால் போதும். அதையும் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை. தேய்ந்து முடிந்ததும் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.