பூரணியின் டப்பாவும் உச்சிப் பரணும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பெயர் பூரணி. காட்டுத்தீ கண்காணிப்பு நிலையத்தில் உத்தியோகம். வேங்கை மரத்தின் உச்சியில் கட்டிய மூங்கில் பரணில் உட்கார்ந்து, எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பூரணிக்கு அந்த வேலை உயிர். மேலே காற்று வரும், மேலதிகாரி வராது. கீழே மரத்தடியில் புகார்ப் பிரிவு இருந்தது. அங்கே தொலைபேசி ஓயாது. "எங்க பக்கம் ஒரே புகை, உடனே வாங்க" என்று முயல்கள் அலறும். போய்ப் பார்த்தால் பக்கத்து வளையில் பிள்ளை பெற்ற முயலுக்குச் சாம்பிராணி போட்டிருக்கும். அந்தப் பிரிவில் காட்டுப்பன்றி தவசியும் மான் அல்லியும் வேலை பார்த்தன. தவசியின் காது தொலைபேசியில் இருக்கும். கண் இரண்டும் உச்சிப் பரணில் இருக்கும்.

கோடை நெருங்கியது. ஊழியர்களைச் சோதிக்க வந்த டாக்டர் நாரை, பூரணி ஏறியபோது பரண் முனகியதைக் கேட்டுவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் எடை பார்ப்பேன். பரண் தாங்குற அளவுக்கு மேல இருந்தீங்கன்னா, உங்களுக்கு இனிமே புகார்ப் பிரிவுதான்" என்றது நாரை.

பூரணி அவசரமாக வயிற்றை உள்ளே இழுத்தது. அது உள்ளே போய் முடிக்கவே சற்று நேரம் பிடித்தது.

"டாக்டர், வேலை நெருக்கடி. கையில கிடைச்சதைத் திங்கறேன்."

"அப்ப கையில கிடைக்கிறதை மாத்துங்க. ஞாயித்துக்கிழமையே காயை நறுக்கி, பயறை முளைகட்டி, டப்பா டப்பாவா போட்டு வச்சுடுங்க. காலையில எடுத்துட்டு ஓடி வரலாம். டீ நேரத்துல வடைக்குப் பதிலா கொய்யா. தண்ணி நிறைய குடிங்க. இதுக்குப் பெரிய வித்தையெல்லாம் வேண்டாம்."

"ஒரு வாரத்துல எவ்வளவு குறையும்?"

"வடையில ஏறின வேகத்துல பாதி வேகத்துல இறங்கினாலும் பரண் தாங்கும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க பூரணி சமையலறையில் நின்றது. பச்சைப்பயறு முளைவிட்டது. சுரைக்காயும் புடலங்காயும் துண்டு துண்டாயின. சாமைச் சோறு, கொள்ளுத் துவையல் என்று டப்பாக்கள் நிறைந்தன. அவை கெடாமலிருக்க, ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் கல் வைத்து அமுக்கியது. வீட்டிலிருந்த தேன் ஜாடியை எதிர்மரத்து மரங்கொத்தியிடம் கொடுத்து, "நான் அழுதாலும் தராதே" என்றது. அன்று சாயங்காலமே அழுது பார்த்தது. மரங்கொத்தி தரவில்லை. நல்ல தொடக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிக்கல் திங்கட்கிழமை மதியம் வந்தது.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு வேளையில் எல்லாருடைய டப்பாவையும் திறந்து பாறைமேல் நடுவில் வைக்க வேண்டும். யார் கையும் எந்த டப்பாவுக்குள்ளும் போகும். தன் டப்பாவைத் தானே தின்கிற பிராணியைப் பற்றிக் காட்டில் பேச்சு வந்துவிடும். அப்புறம் அதன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

"என்னக்கா இது, பச்சைப் பசேல்னு?" என்று தவசி ஒரு பிடி பயறை அள்ளியது. மென்றது. கண்ணை மூடியது. "அடடா, வயித்துக்கு எவ்வளவு இதமா இருக்கு!" இன்னொரு பிடி அள்ளியது. சுரைக்காயை அல்லி தின்று தீர்த்தது. பூரணி தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் டப்பாவின் அடி தெரிந்தது.

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே! பட்டினி கிடக்கலாமா? இந்தாங்க" என்று தவசி தன் டப்பாவை நகர்த்தியது. எண்ணெயில் மினுமினுக்கும் மரவள்ளிக்கிழங்கு வறுவல். அடியில் நாலைந்து வடை.

செவ்வாய்க்கிழமை பூரணி மரத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தது. அல்லி கண்டுபிடித்துவிட்டது.

"எங்க மேல கோபமாக்கா?"

"கோபமெல்லாம் இல்லம்மா."

"அப்ப வீட்டுல ஏதும் பிரச்சனையா?"

இல்லை என்று பூரணி சொன்ன விதத்தில் பிரச்சனை பெரியது என்று அல்லிக்கு நிச்சயமாகிவிட்டது. சற்று நேரத்தில் நிலையமே ஆறுதல் சொல்லத் திரண்டு வந்தது. வெறுங்கையோடு ஆறுதல் சொல்வது அங்கே பழக்கமில்லை. ஒவ்வொன்றும் ஓர் அதிரசம் கொண்டுவந்தது. கண்ணீரைத் துடைத்தபடி பூரணி எல்லாவற்றையும் தின்றது. இதற்கிடையில், தனியாகத் தின்ன வைத்திருந்த சாமைச் சோற்றைத் தவசி வீணாகவிடவில்லை.

புதன்கிழமைக்குப் பூரணி ஒரு தந்திரம் செய்தது. உப்பு, புளி, வெல்லம் எதுவும் சேர்க்காமல் பாகற்காயை வேகவைத்துக் கொண்டுவந்தது. இதை யார் தொடப்போகிறார்கள்?

தவசி வாயில் போட்டது. முகம் கோணியது. "கசக்குது" என்றது.

பூரணிக்கு உயிர் வந்தது.

"கசந்தா உடம்புக்கு நல்லதுன்னு எங்க மச்சான் சொல்லுவான்" என்று தவசி டப்பாவை வழித்துவிட்டது.

வியாழக்கிழமை பூரணி இரண்டு பங்கு கொண்டுவந்தது. செய்தி பரவி, ஓடைக்கு அப்பால் இருக்கும் நிலையத்திலிருந்தும் விலங்குகள் விருந்துக்கு வந்துவிட்டன. "சத்தான சாப்பாடுன்னா பூரணியக்காதான்!" என்று அவை புகழ்ந்தன. பூரணிக்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. பயறு முளைகட்டுவது எப்படி என்று நீண்ட நேரம் விளக்கியது. விளக்குகிறவர் வாய் சும்மா இருக்கக் கூடாது என்று அல்லி அதில் பூரி வைத்தது.

வெள்ளிக்கிழமை பூரணி மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தது.

"எல்லாரும் மன்னிக்கணும். நாளைக்கு எடை பார்க்கறாங்க. இன்னைக்கு என் டப்பாவை நான்தான் சாப்பிடப்போறேன்."

தவசி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டது.

"சரிக்கா, உங்க இஷ்டம். என் வீட்டுக்காரி ஒரு வாரமா உங்களுக்குன்னே தனியா பொரிச்சுக் குடுக்கறா. பூரணியக்கா தொடலைன்னு போய்ச் சொல்றேன். அழுவா. பரவாயில்ல."

அல்லியின் கண் ஏற்கெனவே பெரியது. இப்போது நனைந்து இன்னும் பெரிதாகத் தெரிந்தது. முடியாது என்று சொல்லப் பூரணி வாயைத் திறந்தது. திறந்த வாய்க்குள் வடை போய்விட்டது.

சனிக்கிழமை நாரை வந்தது. பூரணி எடை மேடையில் ஏறியது. முள் ஓடி ஓடி, மேலே போக இடமில்லாமல் நின்றது. அடுத்து தவசி ஏறியது. இதுநாள்வரை அதற்கு இடுப்பு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, இப்போது தெரிந்தது.

"இந்த வாரம் என்ன சாப்பிட்டீங்க?" என்று நாரை வியந்து கேட்டது.

"முளைகட்டின பயறு, சுரைக்காய், சாமைச் சோறு, பாகற்காய். டீ நேரத்துல கொய்யா."

கொய்யாவும் பூரணியுடையதுதான்.

நாரை பூரணி பக்கம் திரும்பியது. "பாருங்க. இவர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலை. தானா செஞ்சிருக்கார். மனசு வேணும்."

"டாக்டர், அதெல்லாம் நான் சமைச்சது!"

"சமைச்ச நீங்களே தொடாத சாப்பாட்டை அவர் சாப்பிட்டிருக்காரே, எவ்வளவு கட்டுப்பாடு!"

அன்றே உத்தரவு வந்தது. தவசி உச்சிப் பரணுக்கு ஏறியது. மூங்கில் முனகவில்லை. பூரணி மரத்தடியில் தவசியின் நாற்காலியில் அமர்ந்தது, நாற்காலி முனகியது.

திங்கட்கிழமை மதியம் மேலேயிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.

"அக்கா, இந்த எடையை இப்படியே காப்பாத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று தவசியின் குரல் கேட்டது. "இன்னைக்கு என்ன கொண்டுவந்தீங்க?"

பூரணி பல்லைக் கடித்தது. அண்ணாந்து பார்த்து என்னென்னவோ சொல்ல நினைத்தது. ஆனால் அருகிலிருந்த அல்லி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம் வழக்கம்தானே.

"புடலங்காய்க் கூட்டு" என்றது பூரணி, டப்பாவைக் கூடையில் வைத்தபடி. "உப்பு குறைச்சலா போட்டிருக்கேன், பாத்துக்கங்க."

நீதி: இளைக்க நினைப்பவர் சமைக்கக் கற்க வேண்டியதில்லை, இளைக்க நினைக்கும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.