லட்சத்துக்கு எத்தனை பேர்

என் வீட்டுக்காரர் முகம்மது கௌஸ் கொலைகளை எண்ண ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் எங்கள் மகள் ஷஹீராவுக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சத்தம் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக்கூடாது, ஆதாரத்தோடு பேசுவோம் என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஆதாரத்தோடு பேசி நான் பார்த்ததில்லை. பயந்துபோய்க் கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுதேன்.

செவ்வாய்க்கிழமை ஆதாரம் வந்தது. லண்டனில் ஒரு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் கொலை. பள்ளிவாசலில் மவுத்து அறிவிப்பதைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"நூறு பேரு. நம்ம கடையில மத்தியானம் சாப்பிட உக்கார்ற கூட்டம். அத்தனை பேரும் ஒரே வருஷத்துல காலி."

"அத்தா, அந்த ஊர்ல தொண்ணூறு லட்சம் பேரு இருக்காங்க லா," என்றாள் ஷஹீரா. "லட்சத்துக்கு எத்தனைன்னுதான் பார்க்கணும்."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். லட்சத்துக்கு எத்தனை என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. எங்கள் சாப்பாட்டுக் கடையில் நாசி கண்டார் சோறு வாங்க வந்தவர்களுக்கும் அதே பேச்சுத்தான். மீன் குழம்பு ஊற்றச் சொன்ன ஒரு மனிதரிடம், தென் அமெரிக்கா பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். அந்த மனிதர் பக்கத்து ஊரான செமோர் தாண்டிப் போகிற உத்தேசமே இல்லாதவர்.

மகன் தௌஃபிக்குக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை, தங்குவதும் அங்கேதான். அவனிடம் சொல்லி, போன வருஷத்துக் கணக்கை ஒரு பட்டியலாக அச்செடுத்து வரச் செய்தார். முதலில் பெயர் வாயில் நுழையாத ஒரு மெக்சிகோ ஊர், லட்சத்துக்கு நூறுக்குக் கொஞ்சம் மேலே. கடைசியில் தோக்கியோவும் சிங்கப்பூரும். கீழ்ப்பக்கமாக லண்டன், ஒன்றேகால். பட்டியல் ஐஸ்பெட்டிக் கதவில் ஏறியது. பால் எடுக்கப் போனால் மெக்சிகோவில் செத்தவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வியாழக்கிழமை காலை பசியாறும்போது தீர்ப்புச் சொன்னார். லட்சத்துக்கு ஒன்று வரைக்கும் அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டு அனுப்பலாம். அதற்கு மேலே என்றால் அவர் பிள்ளை போகாது.

"கால் ஆள்ல போச்சு," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அந்தக் கால் ஆளு மவுத்துக்கு யாருங்க தொழ வைப்பாங்க?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது கணக்கு, சக்கீனா. உனக்குப் புரியாது."

நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். புரியாதுதான்.

ஷஹீரா அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. இருபத்தேழு வயது, சொந்தச் சம்பளம், யாரையும் கேட்காமல் விமானம் ஏறலாம். அத்தா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அடுப்படியில் நின்று வேலை உடுப்பைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்லமா, விடுங்க," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பொறுத்துக்கொண்ட முகம். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில், தாமானில், மூன்றாவது வரிசை வீட்டில் இருந்தாள் முத்தம்மா. போன வருஷம் ஒருநாள், உதடு வீங்கி, என் பின்கதவில் வந்து நின்றாள். உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், பொறுத்துப் போ தங்கச்சி என்று புத்தி சொல்லி அனுப்பினேன். இதே முகத்தோடுதான் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது நாள் கழித்து அவள் புருஷன் கையாலேயே போய்ச் சேர்ந்தாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அவள் விட்டுப்போன பிள்ளைகளுக்காக சுபுஹுக்குப் பிறகு துஆ கேட்கிறேன். எனக்காக மன்னிப்பும் கேட்கிறேன்.

ஷஹீரா வேலைக்குப் போன பிறகு ஐஸ்பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். கந்தூரிச் சமையலில் ஐம்பது பேருக்கு ஒரு ஆடு என்றால் ஐந்நூறு பேருக்குப் பத்து ஆடு. இந்தக் கணக்கு எனக்கு வரும். எங்கள் தாமானில் நூற்று அறுபது வீடு. ஆள் எண்ணூறு. எண்ணூறு பேரில் ஒருத்தி என்றால் லட்சத்துக்கு எத்தனை? போனில் தட்டினேன். வந்த எண்ணை நம்பாமல் மறுபடி தட்டினேன். அதே எண்தான் வந்தது.

அசர் தொழுதுவிட்டு அவர் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது ஷஹீராவும் வேலை முடிந்து வந்துவிட்டாள். அவர்தான் எங்கள் தாமான் காவல் குழுவுக்குத் தலைவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் அந்த எண்ணூறு தலையை எண்ணியவரும் அவரே.

"என்னங்க, நம்ம தாமானை ஏன் இதுல எழுதல?"

"நம்ம தாமானா?" நெஞ்சை நிமிர்த்தினார். "நான் தலைவரா இருக்கிற வரைக்கும் இங்க சைபர்."

"முத்தம்மா?"

கிளாஸைக் கீழே வைத்தார். "அது வேற லா. அது வீட்டுக்குள்ள நடந்தது. குடும்ப விஷயம்."

நான் மகள் பக்கம் திரும்பினேன். "லண்டன்காரங்க வீட்டுக்குள்ள செத்தவங்களை எண்ணமாட்டாங்களாம்மா?"

"எல்லாரையும் எண்ணுவாங்கமா. புருஷன் கொன்னாலும் கொலைதான்."

"அப்ப நாமளும் எண்ணணும்ங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவ கால் ஆளு இல்ல. முழு ஆளு."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் எண்ணைச் சொன்னேன். எழுந்து போய், மெக்சிகோவுக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தில், தன் கையாலேயே எங்கள் தாமான் பெயரை எழுதினார். பக்கத்தில் 125. அவர் எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணை எண்ணாக்கிக் காரியம் சாதிக்கிறேனே என்றுதான். ஆனால் எங்கள் தாமானில் அவளை யாரும் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை.

"சின்ன ஊரு," என்றார் திரும்பாமலே. "சின்ன ஊருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது."

"சரிங்க. கணக்கு ஒத்துவராதுன்னா நம்ம பிள்ளையை நிறுத்தக் காரணம் இல்ல. ஒத்துவரும்னா, அவளை இங்க வச்சிருக்கிறது பாவம்."

ஷஹீரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். லண்டன் எங்கேயும் நகரவில்லை.

கடைசியில், "சரி, போகட்டும்," என்றார். ஷஹீரா தலையைத் தூக்குவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா வயசுப் பொண்ணு, புது ஊரு. முதல் மூணு மாசம் துணைக்கு ஆள் இல்லாம அனுப்பமாட்டேன். நீ போவியா, சக்கீனா?"

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெயித்த முகம். நான் பக்கத்தில் இருக்கிற தைப்பிங் ஊர் மழைக்கே குளிர் தாங்காமல் இரண்டு சால்வை எடுத்துப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"போறேங்க. உம்ராவுக்கு எடுத்த பாஸ்போர்ட்டுல இன்னும் மூணு வருஷம் இருக்கு."

ஷஹீரா அங்கேயே நின்று போனில் பதிலை அனுப்பினாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அழாத அழுகையை அழுதாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அவர் மட்டும் ஐஸ்பெட்டிக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறி ஏடு படிந்தது.

"அப்ப," என்று மெதுவாகக் கேட்டார், "இந்த நூத்து இருபத்தஞ்சுல நான் மட்டும் தனியாவா இருக்கணும்?"