புகை சார் வீட்டுப் புகை

“ஜன்னல் சீலையை எதுக்கு மோந்து பாக்கறீங்க?”

“புகை வாடை.”

“அடுப்புப் புகையா இருக்கும்.”

“அடுப்புக்கும் என்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் பொழப்பு ஓட்டறேன்? இது பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரிஞ்ச புகை.”

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அவள் கண்ணில் நீர் இருந்தது. அதை அவர் வெங்காயத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்.

வண்டிகளின் புகைக்குழாயில் கருவியைச் செருகி, தேறும் தேறாது என்று சொல்வது அவர் வேலை. கடைத்தெருவில் பெயர் ‘புகை சார்’. ஊரார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தன் ஸ்கூட்டரிலும் செருகிப் பார்த்தார். அப்பா ஓட்டித் தேய்த்து, பிறகு அவர் கைக்கு வந்த கிழட்டு வண்டி. கருவி காட்டிய எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இழுப்பு. வாசலில் வண்டி வந்து நின்றால் கட்டிலில் இருமல் தொடங்கிவிடும். அன்றைக்கே சபதம் செய்தார்: இனி இந்த வீட்டில் புகை கிடையாது.

மின்சார ஸ்கூட்டர் வந்தது.

“சார், இது வண்டியா பூனையா?” என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். “ஆம்பளை வீட்டுக்கு வர்றது தெருமுனையிலேயே தெரிய வேண்டாமா?”

புகை சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய வண்டியைக் காயலான் கடைக்காரன் தள்ளிக்கொண்டு போய்விட்டதாக மனைவி சொன்னாள். அப்பாவின் இருமலும் குறைந்தது. கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இப்போது மூக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது. சமையலறை, கொல்லைக் கதவு, அதைத் தாண்டித் தகரக் கொட்டகை. மூடியிருந்த சாக்கை விலக்கினார். கிழட்டு ஸ்கூட்டர். தொட்டால் சுட்டது.

“காயலான் கடைக்குப் போயிடுச்சுன்னு சொன்னே?”

“போகச் சொன்னேன். அது போகல.”

“ஊரு சிரிக்காதா? புகை சார் வீட்டுலயே புகை!”

“மெதுவா சிரிக்கட்டும். மாமா தூங்கறாரு.”

“அவருக்கு ஆகாதுன்னுதானே இவ்வளவு கூத்தும்?”

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். “புது வண்டி வந்ததுலேர்ந்து மாமா சாப்பாட்டுக்கு வாயத் திறக்கல. ‘பையன் வரட்டும்’னு பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. நீங்க பக்கத்துல போய் ‘வந்துட்டேன்ப்பா’ன்னீங்க. ‘தம்பி யாரு?’ன்னு கேட்டாரு. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. அப்பாவுக்குக் கண் எப்போதோ போய்விட்டது. அன்று அப்பா கேட்டதைத் தூக்கக் கலக்கம் என்று புகை சார் வைத்துக்கொண்டார்.

“கொட்டகைக் கதவச் சாத்தி, குழாய அந்தப் பக்கம் திருப்பி வச்சு ரெண்டு உதை. உடனே ‘வந்துட்டான்’னு வாயத் திறக்கறாரு. இருமலும் இல்ல.”

“அப்ப தினமும் நான் வர்றதுக்கு முன்னாடியே...”

“இப்பல்லாம் நீங்க நேரத்தோட வந்துடறீங்க. மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம்.”

“நாளைக்கு நானே ஊட்டறேன். நீ வண்டியத் தொடாதே. பெத்த பிள்ளை குரல் தெரியாமலா போயிடும்?”

மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே வந்து, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

“அப்பா, நான்தான். வாயத் திறங்க.”

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஆறினாப் பரவாயில்ல தம்பி. என் பையன் வந்துடுவான்.”

“நான்தாம்ப்பா உங்க பையன்.”

“நீ நல்ல பிள்ளைதான். அவன் வண்டிச் சத்தம் கேக்கட்டும்.”

கஞ்சியில் ஆடை படிந்தது. புகை சார் எழுந்து கொல்லைக்குப் போனார். ‘புகையில்லா நகரம்’ என்று நெஞ்சில் தைத்திருந்த வேலைச் சட்டையைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினார். உதைத்தார். மறுபடி உதைத்தார். வண்டி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “வந்துட்டான். அவனுக்கும் ஒரு தட்டு வைம்மா. பாவம், அலைஞ்சுட்டு வரான்.”

கொஞ்ச நேரம் கழித்து, காலிக் கிண்ணத்தோடு மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“பெட்ரோல் தீரப்போகுது. நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் மாலை மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் பெட்ரோல் பங்க் வரிசையில் போய் நின்றது. முறை வந்ததும் புகை சார் இருக்கையைத் தூக்கி, உள்ளே இருந்த சின்ன கேனை எடுத்து, மூடியைத் திருகித் திறந்தார்.